உப்பு வெளியில் வேகம் – 7: நின்றபடி எழுதும் தேர்வு

சென்ற வாரம் நம் 1953 ஸ்டூடிபேக்கர் கூப்பேயில் இன்ஜினை ஏற்றி முடித்தோம். காகிதத்தில்தான் என்றாலும், வண்டி இப்போது உறுமுகிறது. மணிக்கு 200 மைல், அதாவது 322 கிலோமீட்டர் போக வேண்டும் என்பது நம் ஆசை.

இந்த ஆசையோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பான்வில் உப்பு வெளிக்குப் போனால், ஓடுபாதையை நெருங்கும் முன்பே ஒருவர் நம்மை நிறுத்துவார். டார்ச் விளக்கோடு காருக்கு அடியில் நுழைந்து பார்க்கும் பரிசோதகர் அவர். இன்ஜினின் கொள்ளளவை அளக்க அவருக்கு அவசரம் இல்லை. சாதனை படைத்தால் அப்போது அளந்துகொள்வார்கள். இப்போது அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஏதாவது ஆகிவிட்டால் ஓட்டுநர் என்ன ஆவார்?

அங்கே வேகப் பந்தயத்தை நடத்துவது 1937-ல் தொடங்கிய தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன். பான்வில்லில் இவர்களுடைய முதல் ‘ஸ்பீட் வீக்’ நடந்தது 1949-ல். அவர்களின் விதிப்புத்தகத்தைப் புரட்டினால் ஒன்று பிடிபடும். வேகம் ஏற ஏற நிபந்தனையும் ஏறுகிறது. ஓட்டுநர் உரிமமே படிக்கட்டு போலத்தான். முதலில் 125 மைலைத் தாண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு 150, பிறகு 175. அதற்கப்புறம்தான் 200. கையில் எத்தனை கோடி இருந்தாலும் ஒரே தாவலில் மேல்படிக்குப் போக முடியாது.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஓடும் வண்டியின் ஆற்றல் நான்கு மடங்காகும். 60 மைலில் போகும் காரையும் 200 மைலில் போகும் அதே காரையும் ஒப்பிட்டால் ஆற்றலில் பதினொரு மடங்கு வித்தியாசம். 1953-ல் இந்த வண்டியைச் செய்தவர்கள் நெடுஞ்சாலைக்காகச் செய்தார்கள். வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் ஸ்டூடியோவில் ராபர்ட் பர்க் தலைமையில் பிறந்த அதன் தாழ்ந்த, நீண்ட உருவம் காற்றை அழகாகக் கிழிக்கும். உப்பு வெளிக்காரர்கள் பல பத்தாண்டுகளாக இந்த உடலை விரும்பித் தேர்ந்தெடுப்பது அதனால்தான். ஆனால் உருண்டால் அந்தத் தகடு யாரையும் காப்பாற்றாது.

ஆகவே காருக்குள் இன்னொரு காரைக் கட்ட வேண்டும். அதன் பெயர் ரோல் கேஜ். இரும்புக் குழாய்களை வளைத்து, பற்றவைத்து, சேஸிஸோடு இணைத்த கூண்டு. அமெரிக்கப் பந்தயங்களில் பரவலாகப் புழங்குவது 1.625 அங்குல வெளிவிட்டமும் 0.120 அங்குல கனமும் கொண்ட குழாய். தண்ணீர்க் குழாயை வளைத்துப் பெயின்ட் அடித்து ஏமாற்ற முடியாது. பலம் குறையாத ஓரிடத்தில் சிறு துளை போட்டு, குழாயின் கனத்தை அளந்து பார்ப்பார்கள். பற்றவைத்த இடங்களை வழவழப்பாக ராவவும் கூடாது. ராவினால் பலம் குறையும்; விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முண்டும் முடிச்சுமாக இருந்தாலும் நேர்மையான வெல்டிங்தான் இங்கே அழகு.

கூண்டுக்குள் உட்காரும் ஆளையும் அசையாமல் கட்டிப்போட வேண்டும். தோள் பெல்ட், தோளுக்குப் பின்னால் ஏறக்குறையக் கிடைமட்டமாகப் போக வேண்டும். செங்குத்தாகக் கீழே இழுத்துக் கட்டினால் மோதலில் முதுகெலும்பை நசுக்கிவிடும். வண்டி உருளும்போது கை வெளியே வீசப்படாமலிருக்க அதற்கும் வார் உண்டு. ஜன்னலுக்கு வலையும் உண்டு. மருந்து அட்டையைப் போலவே பெல்ட்டிலும் தேதி இருக்கும். தேதி தாண்டினால், புதுக்கருக்கு மாறாமல் இருந்தாலும் செல்லாது.

பழைய காருக்கென்றே சில தலைவலிகள் உண்டு. எழுபது வருடங்களில் யார் யாரோ வயர் இழுக்கவும் ஹீட்டர் குழாய் நுழைக்கவும் இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவரில் ஓட்டை போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் தகடு வைத்து அடைக்க வேண்டும். ஓட்டை வழியே வருவது தீ. ஸ்டீயரிங் தண்டு, முன்சக்கர இணைப்புகள் எல்லாவற்றையும் கழற்றி, காந்தப்புலத்தில் வைத்து நுண்ணிய இரும்புத்தூள் தூவிப் பார்ப்பது நல்லது. விரிசல் இருந்தால் தூள் அங்கே கோடாகக் கூடிக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, எடை. மற்ற பந்தயங்களில் ஒவ்வொரு கிலோவாகக் குறைப்பார்கள். இங்கே ஈயக் கட்டிகளை ஏற்றுவார்கள். உப்பின் மேல் டயருக்குப் பிடிப்பு குறைவு. எடை இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஆனால் எடையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. அம்பின் நுனியில் இரும்பும் வாலில் இறகும் இருப்பதால்தான் அது நேராகப் பறக்கிறது. காரும் அப்படித்தான். எடையின் மையம் முன்னாலும், காற்று தள்ளும் மையம் பின்னாலும் இருந்தால், லேசாகத் திரும்பினாலும் காற்றே அதை நேராக்கிவிடும். மாறிப்போனால் அதே காற்று வாலைப் பிடித்துச் சுழற்றும்.

நிறுத்துவதற்கு? 200 மைலில் பிரேக்கை மிதித்தால் உப்பில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதனால் 175 மைலுக்கு மேல் ஓடும் வண்டிக்குப் பாராசூட் கட்டாயம். அதன் கயிறு, காருக்குப் பின்னால் குழம்பும் காற்றைத் தாண்டிப் போய் விரியும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். கட்டும் இடம் எடை மையத்தின் உயரத்துக்கு நேராக அமைய வேண்டும். இல்லாவிட்டால் காக்க வந்த பாராசூட்டே வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். பிரேக்கின் முறை வேகம் தணிந்த பிறகுதான்.

எல்லாம் முடிந்ததா? இன்னும் ஒன்று பாக்கி: ஓட்டுநர் வெளியே வருவது. 1966 ஜூன் 12, பெல்ஜியத்தின் ஸ்பா. கிராண்ட் பிரீ பந்தயத்தின் முதல் சுற்றிலேயே மழையில் பந்தய ஓட்டுநர் ஜாக்கி ஸ்டீவர்ட்டின் கார் பாதையை விட்டுப் பாய்ந்தது. நொறுங்கிய காரில் ஸ்டீயரிங் அவரை அழுத்திப் பிடித்திருக்க, உடலெல்லாம் பெட்ரோல் நனைத்தது. சக ஓட்டுநர்கள் கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் ஓடி வந்தார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றக் கருவி இல்லை. பார்வையாளர் ஒருவரிடம் கருவி வாங்கி அவரை விடுவிக்க ஏறக்குறைய 25 நிமிடம் ஆனது. அதன்பிறகு ஸ்டீவர்ட் தன் காரிலேயே ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டார்.

அந்த ஸ்பேனருக்கு இப்போது வேலை இல்லை. ஒரே இழுப்பில் கையோடு வரும் ஸ்டீயரிங் வந்துவிட்டது. ஆனால் கழற்றுவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். அதனால்தான் பான்வில்லில் ஒரு சடங்கு. நெருப்பு தாங்கும் உடை, கையுறை, ஹெல்மெட் அணிந்து, பெல்ட்டுகளைப் பூட்டி, ஜன்னல் வலையையும் மாட்டி ஓட்டுநர் உட்கார வேண்டும். பரிசோதகர் சைகை காட்டியதும் யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்து காட்ட வேண்டும். ஹெல்மெட் கூண்டில் இடித்தால், கைவாரில் சிக்கினால், பட்டறைக்குத் திரும்பி மாற்றியமைக்க வேண்டியதுதான்.

இத்தனை மாதம் உழைத்து 200 மைலுக்காகக் கட்டிய வண்டி, தன் முதல் தேர்வை இன்ஜினை அணைத்து, நின்றபடி எழுதுகிறது.

அடுத்த வாரம்: உப்புக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

(தொடரும்)