வெள்ளை ஓக் மரத்தரை: அகலப் பலகை வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

புதுதில்லி: பளிங்கு, டைல்ஸ் ஆகியவற்றுக்கு மாற்றாக மரத்தரை அமைக்க விரும்புவோர் பரிசீலிக்கும் மரங்களுள் அமெரிக்க வெள்ளை ஓக் முக்கியமானது. 5 அங்குலமும் அதற்கு மேலும் அகலம் கொண்ட முழுமரப் பலகைகள் அறைக்குத் தனி அழகைத் தரும். ஆனால், அந்த அகலமே மழைக்காலத்தில் தரை மேடுபள்ளமாகவும் காரணமாகலாம். பெரும் செலவு பிடிக்கும் இந்த இறக்குமதிப் பொருளை வாங்கும் முன் அறிய வேண்டியவை குறித்த விளக்கம் இது.

மரத்தின் இயல்பு

குவெர்கஸ் ஆல்பா என்ற தாவரவியல் பெயர் கொண்ட வெள்ளை ஓக், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. இதன் வைரப் பகுதியில் உள்ள நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் திரவம் எளிதில் ஊடுருவாது. விஸ்கி பீப்பாய்கள் செய்ய இம்மரம் பயன்படுவதற்கு இதுவே காரணம். கடினத்தன்மையைக் குறிக்கும் ஜான்கா அளவீட்டில் வெள்ளை ஓக் 1,360 பவுண்டு; தேக்கு ஏறத்தாழ 1,000 பவுண்டு.

எனினும், நீர் ஊடுருவாத மரம் என்பதால் ஈரப்பதத்தால் பாதிக்கப்படாத மரம் என்று கருதிவிடக் கூடாது. காற்றில் ஈரம் மிகும்போது பலகை விரியும், குறையும்போது சுருங்கும். இந்த மாற்றம் தேக்கைவிட ஓக்கில் அதிகம்.

அகலம் கூடினால் அசைவும் கூடும்

காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் சுமார் 6 சதவீதத்தில் நிலைபெறும். அதுவே 80 சதவீதமானால், மரத்தின் ஈரம் சுமார் 16 சதவீதத்தை எட்டும். கோடையில் வறண்டும் மழைக்காலத்தில் ஈரமாகவும் இருக்கும் தில்லி போன்ற நகரங்களில் இந்த ஏற்ற இறக்கம் பெரிது. மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் மிகுதி.

வழக்கமான முறையில் அறுத்த 200 மி.மீ. அகலப் பலகையில் ஈரம் 4 சதவீதப் புள்ளிகள் மாறினால், அகலம் சுமார் 3 மி.மீ. மாறும். மரத்தைக் கால் பங்குகளாகப் பிளந்து அறுக்கும் ‘குவார்ட்டர் சான்’ பலகையில் இது ஏறத்தாழ பாதியாகக் குறையும். விலை கூடுதல் என்றாலும், அகலப் பலகை விரும்புவோருக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு.

கான்கிரீட் தளத்தில் கவனம்

இந்திய வீடுகளில் பெரும்பாலும் கான்கிரீட் தளமே உள்ளது. புதிய கான்கிரீட் முழுமையாக உலராமல் மேலே மரம் பதித்தால், அடியிலிருந்து ஏறும் ஈரத்தால் பலகையின் ஓரங்கள் மேலெழுந்து நடுப்பகுதி குழியும். எனவே, தளத்தின் ஈரத்தை அளந்த பிறகே பணியைத் தொடங்க வேண்டும். இடையே ஈரத்தடுப்புப் படலமும், ஆணியடித்துப் பதிப்பதாயின் அதன்மேல் ஒட்டுப்பலகையும் தேவை.

ஆணியடிக்கப்படும் ஒட்டுப்பலகைக்கும் அகலப் பலகைக்கும் இடையிலான ஈர வேறுபாடு 2 சதவீதப் புள்ளிகளுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மரத்தரைத் துறையில் பின்பற்றப்படும் நெறி. மரப் பணிகளுக்கான ஈர வரம்பைக் கூறும் ஐஎஸ் 287 தரநிலை, நாட்டை நான்கு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. வீடு எந்த மண்டலத்தில் உள்ளது என்பதை விற்பனையாளருடன் பேசி உறுதிசெய்வது நல்லது.

கரையானும் கறையும்

பலகையின் வெளிர்நிற வெளிப்பகுதிக்கு வைரத்தின் உறுதி இல்லை. பூச்சித் தாக்குதலுக்கும் அது எளிதில் இலக்காகும். கட்டடத்துக்குக் கரையான் தடுப்புச் செய்வதற்கான நெறிமுறை ஐஎஸ் 6313 தரநிலையில் உள்ளது. ஓக்கில் உள்ள டானின், ஈரமான இரும்புடன் சேர்ந்தால் கருநீலக் கறை படியும். இரும்புப் பூந்தொட்டித் தாங்கிகளை நேரடியாகத் தரையில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

முழுமரமா, அடுக்குமரமா?

முக்கால் அங்குலத் தடிமன் கொண்ட முழுமரத் தரையைப் பலமுறை இழைத்துப் புதுப்பிக்கலாம். பல பத்தாண்டுகள் நிலைக்கும். மேலே ஓக்கும் அடியில் குறுக்கு அடுக்குகளும் கொண்ட ‘இன்ஜினியர்டு’ பலகை குறைவாகவே அசையும். ஆனால், மேலடுக்கின் தடிமனைப் பொறுத்தே அதைப் புதுப்பிக்க இயலும். ஈரம் மிகுந்த கடலோர வீடுகளுக்கும் தரைத்தள அறைகளுக்கும் இரண்டாவதே பொருத்தமானது. முழுமரமே வேண்டும் என்போர், அகலத்தைக் குறைப்பதன் மூலம் இடரைக் குறைக்கலாம்.