பிளாக்பூலில் ஆங்கிலக் காலை உணவு

பிளாக்பூல், இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காசயரில் உள்ள கடற்கரை நகரம் ஆகும். 1846இல் தொடர்வண்டி வந்தபின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் விடுமுறைக்கு இங்கு திரண்டனர். சிறு விடுதிகள் பெருகின. இன்றும் பல விடுதிகளில் அறை வாடகையிலேயே காலை உணவும் அடங்கும். பேக்கன், சாசேஜ், முட்டை, காளான், தக்காளி, பீன்ஸ், பொரித்த ரொட்டி எல்லாம் ஒரே தட்டில் வரும். பன்றி இரத்தமும் தானியமும் சேர்த்துச் செய்யும் பிளாக் புட்டிங்கும் இருக்கும். அதற்கு, முன்பு லங்காசயரில் இருந்த பெரி நகரம் பெயர்பெற்றது.

சமையலின் தரத்தை முட்டையே காட்டிவிடும். கேட்டபின் பொரித்த முட்டையில் மஞ்சள் கரு இளகியிருக்கும். முன்பே பொரித்துச் சூட்டுத் தட்டில் வைத்த முட்டை ரப்பர் போல இறுகிவிடும். மலிவான சாசேஜில் இறைச்சி குறைந்து ரொட்டித்தூள் மிகுந்திருக்கும். கடற்கரைச் சாலைக் கடைகளில் காட்சிக்கும் சேர்த்தே விலை. உள்ளூர்த் தொழிலாளர்கள் உண்ணும் பின்தெருக் கடைகளைத் தேடுவது நல்லது.