சூரியன் சூடிய அனல் மகுடம்

1955ஆம் ஆண்டு ஜூன் 20ஆந் திகதி காலையில் இலங்கையின் மீது சந்திரனின் நிழல் விழுந்ததை நினைவிற் கொண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உளர். பூரண கிரகண வேளையில் முகில் மறைக்காதிருப்பின், கரிய வட்டத்தைச் சூழ முத்துநிற ஒளியொன்று விரிந்திருக்கக் காணலாம். அதுவே சூரியனின் ஒளிமகுடம். மேல்நாட்டார் கொரோனா என்பர். அது ஏன் அத்துணை கொதிக்கின்றது என்ற வினாவுக்கு விடை தேடி, கலாநிதிப் பட்டம் பெற்ற இளம் ஆய்வாளர் பலர் சமன்பாடுகளோடும் கணினியோடும் ஆண்டுகளைக் கழிக்கின்றனர்.

அடுப்பை விட்டு விலக விலக அனல் தணியும் என்பதை அடுக்களையில் தவழும் குழந்தையும் அறியும். சூரியனிடத்தில் இவ்விதி பொய்க்கின்றது. அதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறக்குறைய 5,500 பாகை செல்சியஸ். அதற்கு மேலே பரந்துள்ள மகுடத்திலோ அது 10 இலட்சம் பாகையைத் தாண்டுகின்றது.

இதனை அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. 1869இல் அமெரிக்காவிற் தெரிந்த கிரகணத்தின்போது யங், ஹாக்னெஸ் என்னும் இருவர் தனித்தனியே மகுடத்தின் ஒளியைப் பிரித்து நோக்கி, அதில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். அறிந்த மூலகம் எதுவும் அக்கோட்டைத் தரவில்லை. ஆகவே 'கொரோனியம்' என்றொரு புது மூலகம் உண்டு எனக் கொண்டனர். சூரிய ஒளியிலே முதலில் அறியப்பட்ட ஈலியம் 1895இல் பூமியிலும் அகப்பட்டமையால், இதுவும் ஒருநாள் கிட்டும் என்ற நம்பிக்கை வலுத்தது. எழுபது ஆண்டுகள் கழிந்தபின், ஜேர்மனியின் குரோத்திரியன் 1939இல் வழிகாட்ட, சுவீடனின் எட்லென் உண்மையை வெளிப்படுத்தினார். புது மூலகமன்று, நம் வீட்டு ஆணியிலும் அரிவாளிலும் உள்ள இரும்பே அது! ஆனால் தன் 26 இலத்திரன்களுள் 13ஐ இழந்த இரும்பு. அத்தனை இலத்திரன்களைப் பறிப்பதற்கு 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பாகை வெப்பம் வேண்டும்.

சக்திக்குப் பஞ்சமில்லை. சூரியன் சொரியும் சக்தியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கே மகுடத்துக்குப் போதும். அது எவ்வழியாய் மேலேறி, எவ்வாறு வெப்பமாய் மாறுகின்றது என்பதே சிக்கல். மகுடத்தில் உள்ளது இலத்திரன்களும் அயன்களும் கலந்த பிளாஸ்மா; அது காந்தப் புலத்தோடு பிணைந்தே இயங்கும். கீழே கொதித்துப் புரளும் வாயு, காந்தக் கோடுகளை வீணைத் தந்திபோல் அதிரச் செய்து அலைகளை மேலே அனுப்பும் என்பது ஒரு கொள்கை. இவ்வகை அலைகள் உண்டென 1942இற் கூறியவர் சுவீடன் நாட்டு அல்வேன். அன்று நம்ப மறுத்தோர் பலர். 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே புரளல் காந்தக் கோடுகளைப் பின்னி முறுக்க, முறுக்கு மிஞ்சியதும் அவை அறுந்து வேறு விதமாய் இணைந்து, எண்ணற்ற சிறு வெடிப்புகளாய்ச் சூடேற்றும் என்பது மற்றொரு கொள்கை. 1988இல் இதனை விரித்துரைத்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து யூஜின் பார்க்கர்.

இப்பார்க்கர் இளமையிலே பட்ட பாடும் சொல்லத் தக்கது. இத்தகைய சூடான மகுடத்தைச் சூரியனின் ஈர்ப்பினால் முற்றாகப் பிடித்துவைக்க இயலாது, அது இடையறாது வெளியே வீசும் என்று கணக்கிட்டு, முப்பது வயதில் ஒரு கட்டுரை எழுதினார். மதிப்பிட்ட அறிஞர் இருவரும் அதனைத் தள்ளினர். ஆயினும் கணக்கிற் பிழையொன்றும் அவர்கள் காட்டவில்லை. சஞ்சிகையின் ஆசிரியராய் இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அக்கருத்து அவருக்கும் உவப்பாயில்லை. எனினும் பிழை காட்டப்படாத கட்டுரையைத் தடுக்க மனமின்றி 1958இல் வெளியிட்டார். 1935இல் தம்முடைய கணக்கை எடிங்டன் சபை நடுவே எள்ளியதை அவர் மறந்திருப்பாரா? 1962இல் வெள்ளிக் கிரகத்தை நோக்கிச் சென்ற மரினர் 2 என்னும் விண்கலம், அச்சூரியக் காற்று வீசுவதை ஐயமற உறுதிசெய்தது.

2018 ஆகஸ்ட் 12ஆந் திகதி, பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்பட்டபோது, 91 வயதான அவர் புளோரிடாவில் நின்று நேரிற் கண்டார். 2022இல் மறைந்தார். 2021 ஏப்ரலில் மகுடத்தினுள் நுழைந்த அக்கலம், 2024 டிசம்பர் 24ஆந் திகதி சூரியப் பரப்பிலிருந்து 61 இலட்சம் கிலோமீற்றர் தூரம்வரை நெருங்கிச் சென்றது. அலைகளின் பக்கம் நிற்போரும் வெடிப்புகளின் பக்கம் நிற்போரும் அது அனுப்பிய அளவுகளை வைத்துக்கொண்டே இன்னும் வழக்காடுகின்றனர்.