முன்விளக்கு மங்கினால் முதலில் வயரைப் பாருங்கள்

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் வாழும் பல கிராமங்களில், ஊருக்குப் பொதுவாய் ஓடுவது ஒரு பழைய பிக்கப் வாகனமே. கத்தரிக்காயும் பயிற்றங்காயும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் தம்புள்ளைச் சந்தைக்குப் போவதும் அதுதான். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் அதுதான். தெருவிளக்கு இல்லாத வீதியில், சூடு ஆறாத தாரின்மேல் மாடுகள் படுத்திருக்கும். லைற் இல்லாத சைக்கிள்கள் எதிரே வரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடும். மாட்டைக் கண்டு பிறேக்கில் கால் வைப்பதற்கே சாரதிக்கு அந்த ஒரு விநாடி வேண்டும். ஆகவே மங்கிய முன்விளக்கைச் சிறு குறையென்று விட்டுவைக்க முடியாது.

வெளிச்சம் எங்கே போகிறது?

குளத்துத் தண்ணீரை ஒடுங்கிய வாய்க்காலில் ஊரெல்லாம் சுற்றவிட்டால் கடைசி வயலுக்கு எட்டாது. பழைய வாகனத்தின் மின்சாரமும் அப்படித்தான். பற்றரியிலிருந்து புறப்பட்டு, பியூஸ் பெட்டி, லைற் சுவிச், டிப் சுவிச் என்று உள்ளே சுற்றிவிட்டே முன்விளக்குக்கு வருகிறது. 60 வாற்று பல்புகள் இரண்டுக்கு 12 வோல்ற்றில் 10 அம்பியர் வேண்டும். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் இந்த மின்சாரம் 6 மீற்றர் சுற்றினால், வழியிலேயே ஏறக்குறைய 1 வோல்ற்று குறைந்துவிடும். தேய்ந்த சுவிச்சும் துருப்பிடித்த ஏர்த்தும் மேலும் குறைக்கும்.

பல்புக்குக் கிடைக்கும் வோல்ற்று 10 வீதம் குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய 30 வீதம் குறையும். 20 வீதம் குறைந்தால் பாதி வெளிச்சமும் மிஞ்சாது.

இதை அறியாமல் சிலர் 100 வாற்று பல்பை வாங்கிப் போடுகிறார்கள். அது இன்னும் கூடுதலான மின்சாரத்தை அதே பழைய வயரால் இழுக்கும். வயரும் சுவிச்சும் சூடேறி உருகும். வாகனம் தீப்பற்றவும் கூடும்.

அளந்து பாருங்கள்

கராஜில் ஒரு மல்ரிமீற்றரை இரவல் வாங்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு, டிப் லைற்றைப் போட்டு, பற்றரியின் இரு முனைகளிலும் அளவுங்கள். 13 வோல்ற்றுக்குக் குறைந்தால் முதலில் மின்னேற்றும் அல்ரநேற்றரைப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால், எரியும் பல்பின் பின்புற முனைகளில் அளவுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே 1 வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ரிலே பூட்டிப் புதிய வயர் இழுப்பதால் நல்ல பயன் கிடைக்கும்.

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிச். பழைய சுவிச் கால் அம்பியருக்கும் குறைந்த மின்சாரத்தால் ரிலேயை இயக்கும். பல்புக்கு வேண்டிய 10 அம்பியரும் பற்றரியிலிருந்து குறுக்குவழியில் போகும்.

செய்யும் முறை

நாம் இங்கே சொல்வது, மூன்று முனை எச்4 பல்பு உள்ள 12 வோல்ற்று வாகனங்களுக்கு. நான்கு கால் ரிலே 2, பியூஸ் கூடு 2, புதிய பல்பு சொக்கற் 2, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஆகியவை தேவை. பழைய சொக்கற்றில் எது பொது முனை, எது டிப், எது தூர வெளிச்சம் என்று முதலில் மீற்றரால் கண்டு குறித்துக்கொள்ளுங்கள்.

1. பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள்.

2. ரிலேகளைப் பற்றரிக்குக் கிட்ட, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள். மழைநீர் தேங்காது.

3. பற்றரி பொசிற்றிவிலிருந்து ஒவ்வொரு ரிலேயின் 30 என்ற காலுக்கும் ஒரு வயர் இழுங்கள். பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் 15 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டும்.

4. முதல் ரிலேயின் 87 என்ற காலிலிருந்து இரண்டு புதிய சொக்கற்றுகளின் டிப் முனைக்கும், இரண்டாவது ரிலேயின் 87 இலிருந்து தூர வெளிச்ச முனைக்கும் வயர் கொடுங்கள்.

5. புதிய சொக்கற்றுகளின் பொது முனையிலிருந்து அதே தடிப்பான வயரைப் பற்றரி நெகற்றிவுக்குக் கொண்டு வாருங்கள்.

6. பழைய சொக்கற் ஒன்றின் பொது முனையையும் டிப் முனையையும் முதல் ரிலேயின் 85, 86 கால்களில் இணையுங்கள். பொது முனையையும் தூர வெளிச்ச முனையையும் இரண்டாவது ரிலேயில் அவ்வாறே இணையுங்கள். மற்றப் பழைய சொக்கற்றை ரேப் சுற்றி மூடிவிடுங்கள்.

ஆறாவது படியில் கவனம் தேவை. பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற சில யப்பானிய வாகனங்களில், முன்விளக்கின் பொது முனையில் இருப்பது பொசிற்றிவ். சுவிச் நெகற்றிவைத்தான் இணைக்கும். அதனால் 85 ஐ வழமைபோல் பொடியில் ஏர்த் செய்தால் வேலை செய்யாது. மேலே சொன்ன முறை இருவகை வாகனங்களுக்கும் பொருந்தும். உள்ளே டயோட் உள்ள ரிலேயை மட்டும் வாங்க வேண்டாம்.

தகட்டுத் துளைகளால் வயர் போகுமிடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். பியூஸ் எரிந்தால் ஈயத்தாள் சுற்ற வேண்டாம்; காரணத்தைத் தேடுங்கள்.

எதிரே வருபவரையும் நினையுங்கள்

பின்னால் மூட்டை ஏற்றினால் பிக்கப்பின் முன்புறம் உயரும். வெளிச்சமும் உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே வழக்கமான பாரத்தை ஏற்றி, சமதரையில் சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். டிப் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் நடு உயரத்துக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் கீழே விழட்டும். எமது நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுவதால் அந்த விளிம்பு இடப்புறத்தில்தான் உயர வேண்டும். வலப்புறம் உயர்ந்தால், அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கு, இங்கே உதவாது.

வேலை முடிந்ததும் மீண்டும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ற்றுக்குள் வந்தால் நல்லது. எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, உபரி பியூஸ் இரண்டுடன் வாகனத்துக்குள் வையுங்கள். நடுவழியில் பழுதுபார்க்க வருபவருக்கு அது உதவும்.