பாடி முடிச்சதும் தொண்டை கட்டுதா? பிரச்னை பனியில இல்ல, கட்டையில!

மார்கழி வந்தா வில்லியனூர், பாகூர் பக்க ஊர்களில் விடியும் முன்பே கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, திருவெம்பாவை கேட்க ஆரம்பிச்சுடும். அதில் பாடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்து பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழான்னு வரிசையா மேடை காத்திருக்கும். ஆனா அதுக்குள்ள சிலருக்குக் குரல் கம்மிப் போயிடும். பழி பனி மேலயும் ஐஸ் தண்ணி மேலயும் விழும். பல நேரங்களில் நிஜக் காரணம் வேற. தன் குரலுக்குப் பொருந்தாத உயரத்தில் கத்திப் பாடுறதுதான்.

அது என்ன 'கட்டை'?

ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ஸ' என வைத்துப் பாடுகிறோமோ, அதுதான் நம்ம சுருதி. கர்நாடக இசையில் ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும், பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவாங்க. ஆனா இது சட்டம் இல்ல, ஆளுக்கு ஆள் மாறும்.

உங்க கட்டையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: 'ஸ' பிடிச்சு மேல் ஸ்தாயி பஞ்சமம் வரை போங்க, பிறகு கீழ் பஞ்சமத்துக்கு இறங்குங்க. மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைத்தால் கட்டையைக் குறைக்கணும். கீழே குரலே கேட்கலைன்னா கொஞ்சம் ஏத்தணும். சினிமா பாட்டுக்கும் இதே கணக்குதான். கரோக்கி செயலிகள் பலவற்றில் ஸ்கேலை மாற்றும் வசதி இருக்கு. ஒரிஜினல் ஸ்கேலில் பாடினால்தான் பரிசுன்னு யார் சொன்னது?

கத்திப் பாடும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்கணுமே! எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் போன்ற நாடகக் கலைஞர்கள் அவ்வளவு உச்சத்தில் பாடியதற்கு அதுவும் ஒரு காரணம். விடிய விடியப் பாடும் தெருக்கூத்துக் கலைஞர்களும் அப்படித்தான். ஆனா அது வருஷக்கணக்கில் பழக்கிய குரல். ரெண்டு வாரம் ஒத்திகை பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம், கையில் மைக்கையும் கொடுத்துட்டு "சத்தமா பாடு"ன்னு சொல்றது நியாயமே இல்ல.

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் மடிப்புகள் காற்று பட்டு அதிர்வதுதான் குரல். சாதாரணமா பேசும்போதே ஆண்களுக்கு நொடிக்கு 100 முறைக்கு மேல, பெண்களுக்கு சுமார் 200 முறை அவை மோதும். தினமும் அழுத்திக் கத்தினா அவை வீங்கும். மண்வெட்டி பிடிச்ச கையில் காய்ப்பு வர்ற மாதிரி அங்கேயும் சின்னச் சின்னக் காய்ப்பு வரும்.

பையன்களின் 'குரல் உடையும்' வயசு

சுமார் 12 முதல் 15 வயசுக்குள் குரல் மடிப்புகள் நீண்டு தடிக்கும். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிடும். நடுவில் பிசிறடிக்கும், கீச்சிடும். "குரல் போச்சு"ன்னு பாட்டு வகுப்பையே நிறுத்துறது இந்த நேரத்தில்தான். நிறுத்த வேண்டாம். கட்டையை இறக்கி, வசதியா வரும் சில ஸ்வரங்களுக்குள் மட்டும் மெதுவா பாடலாம். பழைய கட்டையைப் பிடிச்சுத் தொங்கினாத்தான் ஆபத்து.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பாயில் மல்லாந்து படுத்து, வயிற்று மேல ஒரு புத்தகம் வைங்க. மூச்சு இழுக்கும்போது புத்தகம் உயரணும், தோள் உயரக் கூடாது. பிறகு 'ஸ்ஸ்' என சீரா காற்றை விடுங்க. அடுத்து, பாதி டம்ளர் தண்ணியில் ஸ்ட்ராவை வெச்சு, 'ஊ' என ஒலித்தபடி இரண்டு மூன்று நிமிடம் குமிழி விடுங்க. விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா உலகம் முழுக்கக் குரல் பயிற்சியாளர்கள் தர்ற பயிற்சி இது. அதுக்கப்புறம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, முதல் காலத்தில், அகாரத்தில். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் வாய்ப்பாட்டு படிக்கணும்னு ஆசைப்படுறவங்க இந்தப் பகுதியைத் தாண்டி ஓடவே கூடாது.

தண்ணி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கு. மேடை ஏறும் முன் குடிக்கும் தண்ணி உணவுக் குழாயில்தான் போகும், குரல் மடிப்பைத் தொடாது. நாள் முழுக்கக் குடிச்சாத்தான் பலன். மிளகும் கற்கண்டும் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். அடிக்கடி செருமுவதும், குரல் கம்மிய நாளில் கிசுகிசுப்பதும் ஓய்வு இல்ல, கூடுதல் வேலை.

கம்மல் மூன்று வாரம் தாண்டினா ஜிப்மர் போன்ற மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. பிள்ளைகளுக்கு வரும் காய்ப்பு பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமல், குரல் பயிற்சியிலேயே சரியாகிடும்.