ஒரு தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொற்கள்

பாங்கு கேட்டது. பள்ளிவாசலில் பயான் கேட்டோம். விளங்காததை மௌலவியிடம் கேட்டோம். புத்தளத்துப் பிள்ளை எதுவும் இந்த மூன்றையும் தடுமாறாமல் சொல்லிவிடும். ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் மூன்று வினைகள் வேண்டும். சத்தம் தானாகக் காதில் விழுந்தால் ‘ஹியர்’; மனம் வைத்துக் கேட்டால் ‘லிஸன்’; வினவினால் ‘ஆஸ்க்’. ‘லிஸன்’ என்றால் அதை அடுத்து ‘டு’ வரும்: ‘லிஸன் டு மீ’. ‘ஆஸ்க்’குக்கு அது தேவையில்லை: ‘ஆஸ்க் மீ’.

குழப்பும் ஆங்கிலச் சொற்கள் என்று வழக்கமாகத் தரப்படும் பட்டியல்களில் இத்தகைய சொற்கள் குறைவு. ஒலியால் குழப்பும் சொற்களே அவற்றில் நிறைந்திருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அவற்றில் தடுக்கி விழுகிறார்கள். நாம் வாளை மீனையும் வாழை மரத்தையும் ஒரே மாதிரி உச்சரித்துவிட்டு, எழுதும்போது எந்த எழுத்து என்று யோசிப்பதில்லையா? அதே சிக்கல்தான் அது. சில சோதனைகளை மனதில் வைத்தால் போதும். ‘இட் இஸ்’ என்றோ ‘இட் ஹேஸ்’ என்றோ விரித்துப் படித்துப் பொருந்தினால் மட்டும் ‘இட்ஸ்’ என்பதன் நடுவில் மேற்குறி வரும். ‘அதனுடைய’ என்ற பொருளில் வராது. பாடசாலை அதிபரைக் குறிக்கும் ‘பிரின்சிபல்’ ‘ஏ, எல்’ என்று முடியும். கொள்கையைக் குறிப்பது ‘எல், ஈ’ என்று முடியும். ‘அட்வைஸ்’ என்பதில் ‘சி’ இருந்தால் அறிவுரை, ‘எஸ்’ இருந்தால் அறிவுரை கூறுதல்.

நமக்கென்று இருக்கும் குழப்பம் வேறு. நம்முடைய ஒரு சொல் பரந்து நிற்கும் இடத்தை ஆங்கிலம் பல சொற்களாகப் பிரித்துக்கொள்கிறது. தமிழ் அதனால் குறைந்துவிடவில்லை. அண்ணன், தம்பி என்று நாம் பிரிப்பதை ஆங்கிலம் ‘பிரதர்’ என்ற ஒன்றில் அடக்கிவிடுகிறது. எந்த இடத்தில் பிரிவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே நம் வேலை.

‘கரை’யை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பார்க்கும் நாட்டின் கடலோரப் பகுதி ‘கோஸ்ட்’. புத்தளம் மாவட்டம் இலங்கையின் மேற்குக் கோஸ்டில் இருக்கிறது. நீர் முடிந்து நிலம் தொடங்கும் விளிம்பு ‘ஷோர்’. கடலுக்கும் உண்டு, ஏரிக்கும் களப்புக்கும் உண்டு. புத்தளம் நகரம் களப்பின் ஷோரில் அமைந்தது. மணல் பரந்து, நடக்கவும் குளிக்கவும் உதவும் இடம் ‘பீச்’; கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டவர் தேடுவது அதை. ஆற்றின் கரையோ ‘பேங்க்’; களப்பில் வந்து விழும் கலா ஓயாவுக்கும் மீ ஓயாவுக்கும் இருப்பது அதுதான்.

கற்பிட்டியில் டொல்பின் பார்க்கப் படகில் அழைத்துப் போகிறவர்களுக்கு ‘பார்’ என்பதன் பிரிவுகள் தொழிலுக்கே தேவை. கண்ணைத் திருப்புவது ‘லுக்’. கண்ணில் படுவது ‘சீ’. அசைவதையும் நடப்பதையும் தொடர்ந்து கவனிப்பது ‘வொச்’. ‘லுக்’ செய்தும் ‘சீ’ செய்யாமல் கரை திரும்பும் நாள்கள் உண்டு. அசைவதைத் தொடர்ந்து கவனிப்பதால்தான் ‘டொல்பின் வொச்சிங்’ என்கிறார்கள், ‘டொல்பின் லுக்கிங்’ என்று சொல்வதில்லை.

‘நிழல்’ இன்னொன்று. உப்பளத்தில் வேலை செய்பவர் மத்தியான வெயிலில் ஒதுங்கத் தேடுவது ‘ஷேட்’. அவர் நடக்கும்போது தரையில் கூடவே வரும் அவருடைய உருவம் ‘ஷேடோ’.

பரீட்சைத் தாளில் புள்ளி இழக்க வைக்கக்கூடியவை இன்னும் இரண்டு. ‘இரவல்’ என்பதை வாங்கு, கொடு என்று சேர்த்து நாம் இரு பக்கமும் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் வாங்குபவர் செய்வது ‘பொரோ’, கொடுப்பவர் செய்வது ‘லெண்ட்’. ஆகவே நண்பரிடம் சைக்கிள் கேட்கும்போது ‘பொரோ மீ’ என்பது பிழை, ‘லெண்ட் மீ’ என்பது சரி. அடுத்தது ‘சொல்’. ‘டெல்’ என்றால் பெரும்பாலும் யாருக்குச் சொன்னோம் என்பது உடனே வரவேண்டும்: ‘ஹி டோல்ட் மீ’. ‘சே’ என்றால் ஆள் வராமலும் இருக்கலாம். வந்தால் ‘டு’ வேண்டும்: ‘ஹி செட் டு மீ’. ‘ஹி செட் மீ’ என்பது எந்த இடத்திலும் பிழை.

தமிழே வழிகாட்டும் இடங்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளத்தில் குடியேறினார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது ‘1990 இலிருந்து’ என்றால் ‘சின்ஸ்’. ‘முப்பது வருடங்களுக்கு மேலாக’ என்றால் ‘ஃபோர்’. தொடங்கிய நேரத்துக்கு ஒன்று, கழிந்த காலத்தின் அளவுக்கு மற்றது. நம் ‘இலிருந்து’வும் ‘ஆக’வும் அதையே பிரித்துக் காட்டுகின்றன.

இந்தக் கரையிலிருந்தே ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் உண்டு. 1807 இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களை விவரிக்கும் ‘சிலோன் கெசற்றியர்’ நூலை 1834 இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாறு கூறும் அவருடைய ‘தமிழ் புளூட்டார்க்’ 1859 இல் வந்தது. அதுவும் ஆங்கில நூல்தான். தமிழறிவும் ஆங்கில அறிவும் ஒன்றுக்கொன்று தடை என்ற எண்ணத்துக்கு அவர் வாழ்க்கையில் இடமே இல்லை.

பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஷேட்: நிழல், ஷேடோ: நிழல்’ என்று மனனம் செய்வதால் குழப்பம் தீராது. கொப்பியில் ஒரு பக்கத்தின் மேலே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். அதன் கீழே அது பிரியும் ஆங்கிலச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் அமையுங்கள். கேள், பார், சொல், இரவல், கரை, நிழல் என்று ஆறு பக்கங்களோடு தொடங்குங்கள். வகுப்பே சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.