இணையமும் உரிமையும் – 7: ஒரு படத்துக்காக ஒரு தளத்தையே மூடலாமா?

2011 நவம்பரில் ‘3’ படத்தின் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாடல், வேலை முடிவதற்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட்டது. அதையடுத்து அந்த மாதம் 16ஆம் தேதி பாடலை முறைப்படி வெளியிட்டார்கள். தமிழே தெரியாத ஊர்களிலும் அது ஒலித்தது. சில வாரங்களில் கோடிக்கணக்கானோர் யூடியூபில் பார்த்தார்கள். அப்படி இணையத்தால் புகழ்பெற்ற படத்தின் பெயரில்தான், அடுத்த ஆண்டு இந்தியாவில் பல இணையதளங்கள் மூடப்பட்டன. திருட்டைத் தடுக்கும் சட்டம் எதுவரை போகலாம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடம் நம்மிடம் இல்லை.

‘3’ வெளியானது 2012 மார்ச் 30 அன்று. வெளியீட்டையொட்டித் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘ஜான் டோ’ உத்தரவு பெற்றது. யார் திருடப் போகிறார் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே பெயர் தெரியாதவர்களையும் எதிர்த்தரப்பில் சேர்த்து வாங்கும் தடை இது. நம் நாட்டில் இதை ‘அசோக் குமார்’ உத்தரவு என்றும் சொல்வார்கள். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தை அனுமதியின்றி ஒளிபரப்பிய கேபிள் ஆபரேட்டர்களுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் இப்படி ஓர் உத்தரவு பிறப்பித்தது.

இதன் நியாயத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். தியேட்டர் வசூலில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். வெள்ளிக்கிழமை ரிலீஸான படத்தின் திருட்டுப் பிரதி சனிக்கிழமை டோரண்டில் ஏறிவிட்டால், வட்டிக்குப் பணம் வாங்கிப் படத்தை எடுத்த விநியோகஸ்தருக்கு ஓராண்டு கழித்து வரும் தீர்ப்பால் என்ன பயன்? நஷ்டஈடு கேட்கலாம் என்றால், யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால் அந்த உத்தரவு இணையச் சேவை நிறுவனங்களின் கைக்குப் போனபோது நடந்தது வேறு. எந்த லிங்கில் படம் இருக்கிறது என்று பார்த்துத் தடுப்பதற்குப் பதிலாக, மே மாதத்தில் அவை தளங்களையே மூடின. திருட்டுப் பிரதிகளுக்குப் பேர்போன பைரேட் பே மூடப்பட்டதில் யாருக்கும் வியப்பில்லை. விமியோவும் மூடப்பட்டது, உலகெங்கும் குறும்பட இயக்குநர்கள் தங்கள் சொந்தப் படைப்புகளை ஏற்றிவைக்கும் இடம் அது. இன்னொரு வீடியோ தளமான டெய்லிமோஷன் போயிற்று. புரோகிராமர்கள் கோடு உள்ளிட்ட எழுத்துகளைப் பகிர்ந்துகொள்ளும் பேஸ்ட்பின்னும் போயிற்று. ஒரு படைப்பாளியின் உரிமையைக் காக்க வந்த உத்தரவு, வேறு படைப்பாளிகளின் வாசலை அடைத்தது. அவர்கள் வழக்கில் இல்லை. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

எதிர்ப்பு கிளம்பியது. அநானிமஸ் என்ற ஹேக்கர் குழு அரசுத் தளங்களைத் தாக்கியது. அதை நியாயப்படுத்த முடியாது. ஜூன் 9 அன்று முகமூடி அணிந்த இளைஞர்கள் பல நகரங்களில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆனால் பூட்டைத் திறந்தது நீதிமன்றம்தான். சேவை நிறுவனங்கள் முறையிட்டதன் பேரில், ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்தியது. திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே தடை, முழுத் தளத்துக்கு அல்ல. அந்த முகவரியைத் தயாரிப்பாளர் தரப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த 48 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைத் தடுக்க வேண்டும்.

2016இல் ‘டிஷூம்’ இந்திப் பட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் இதை இன்னும் இறுக்கினார். லிங்க்குகளைச் சரிபார்த்த பட்டியல் இல்லாமல் தடை கிடையாது என்றார். தடுக்கப்பட்ட பக்கத்தைத் திறப்பவருக்கு வழக்கு எண்ணும், முறையிட வேண்டிய இடமும் தெரிய வேண்டும் என்றார். திருட்டுப் படத்தைப் பார்ப்பதே குற்றம் என்று அப்போது எச்சரிக்கை வாசகங்கள் வந்துகொண்டிருந்தன. அது சரியல்ல, அனுமதியின்றி விநியோகிப்பது, பொதுவில் காட்டுவது, விற்பது, வாடகைக்கு விடுவது ஆகியவையே குற்றம் என்று அவர் விளக்கினார்.

ஒரு லிங்கை அடைத்தால் அடுத்த நிமிடமே இன்னொன்று முளைக்கிறதே என்பது தயாரிப்பாளர்களின் ஆதங்கம். அது உண்மைதான். அதற்கும் 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. திருட்டையே தொழிலாகக் கொண்ட தளம் என்று ஆதாரத்தோடு காட்டினால் முழுத் தளத்தையும் தடுக்கலாம். அது வேறு பெயரில் வந்தால், புதிதாக வழக்குப் போடாமல் அதே உத்தரவில் சேர்க்கலாம். 2023இல் ஒளிப்பதிவுச் சட்டமும் திருத்தப்பட்டது. படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தாலோ பரப்பினாலோ குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்ச ரூபாய் அபராதம். அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறை. அபராதம் படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

இந்தக் கடுமையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஜான் டோ வழக்கில் நீதிபதியின் முன் ஒரு தரப்பு மட்டுமே நிற்கிறது. மறுதரப்பில் திருடனும் இருப்பான், திருட்டில் பங்கே இல்லாதவரும் இருப்பார். அவருக்காக வாதாட யாரும் வருவதில்லை. ஆகவே லிங்க்குகளைத் தேடி, சரிபார்த்து, பட்டியலாகக் கொடுக்கும் உழைப்பைத் தயாரிப்பாளரிடம் கேட்பது கூடுதல் சுமை ஆகாது. எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை வாங்கும் சலுகைக்கு அவர் தர வேண்டிய நியாயமான விலை அது.

நீதிமன்றத்துக்குப் போகாமலேயே, புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் உங்கள் வீடியோவைத் தளத்திலிருந்து எடுத்துவிடலாம். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அதைத் திரும்பப் போடலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலும் அதற்கான விதிகளிலும் உள்ள இந்த ஏற்பாட்டை அடுத்த வாரம் பார்ப்போம். யூடியூப் சேனல் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது அது.